ஹாலில் பதினெட்டு டிகிரி

ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டு, சோபா மேல் ஒரு கம்பளிச் சால்வையை யாரோ மறந்துவிட்டுப் போனதுபோல் போட்டேன். டிசம்பர்தான். ஆனாலும் மரக்காணத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கும் கழுத்தோரம் வேர்க்கும். முப்பது வருஷம் பிரான்சில் இருந்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பிய கஸ்பார், தன் பையனுக்கு என் மகள் பிரிசில்லாவைப் பார்க்க மனைவியோடு வருகிறார். அவரைப் பிரெஞ்சு மரியாதையோடு முசியே என்றுதான் கூப்பிட வேண்டுமாம். "அங்கெல்லாம் குளிர் சாயங்காலத்துல சூடா ஒரு லிக்யூர் காக்டெயில் சாப்பிடுவோம்" என்று போனில் சும்மா சொன்னார். "எங்க வீட்லயும் அதேதாங்க" என்று சொல்லிவிட்டேன். சூடான காக்டெயிலுக்குக் குளிர் என்று ஒரு நியாயம் வேண்டாமா? அதற்குத்தான் பதினெட்டு.

சொன்ன பொய் அது ஒன்றுதான் என்றில்லை. என் விசிட்டிங் கார்டில் ரெக்ஸ், உப்பு ஏற்றுமதி என்று இருக்கிறது. குத்தகைக்கு எடுத்த மூன்று ஏக்கர் உப்பளம். இதுவரை ஏற்றுமதியானது திண்டிவனம் வரைக்கும். என் அக்கா அருள்மேரி ஆரோவில்லில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் இருபது வருஷமாகச் சமையல் வேலை பார்க்கிறாள். அதைச் சொல்லவேயில்லை. "அக்காவ நிச்சயத்துக்குக் கூப்பிட்டுக்கலாம், இன்னைக்கு வேணாம்" என்று நான் சொன்னபோது, என் மனைவி லிடியா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ரிமோட்டைப் பார்த்தேன்.

ஆரஞ்சு லிக்யூரை, அதாவது பழவாசனை போட்ட இனிப்புச் சாராயத்தை, புதுச்சேரியில் வாங்கி, செக்போஸ்டில் தெரியாமலிருக்க ஜெபமாலைக் கடைப் பையில் போட்டு பார்டரைத் தாண்டியிருந்தேன். பாலைச் சூடாக்கி அதில் கொஞ்சமாக ஊற்றச் சொன்னது யூடியூப். நமக்குக் கொஞ்சம் போதுமா? கால் பாட்டிலை ஊற்றி, கௌரவத்துக்கு இரண்டு ஆரஞ்சையும் பிழிந்து, தளதளவென்று கொதிக்கவிட்டேன். பால் திரிந்து கட்டி கட்டியாக மிதந்தது.

"பன்னீரா பண்றீங்க?" என்ற லிடியா, என்னைக் கேட்காமலே அக்காவுக்குப் போன் போட்டாள்.

வேலைக்குக் கட்டிய புடவையோடு அக்கா பின்பக்கமாக வந்தாள். பின்பக்கமாக வரச் சொன்னது நான்தான். பாத்திரத்தை மோந்து பார்த்தாள். "இதப் போய்க் கொதிக்க வெச்சா வாசனை எல்லாம் சுவத்துக்குத்தான்டா போவும். பால்ல பழத்த வேற புழிஞ்சிருக்க." அதற்கு மேல் திட்டவில்லை. கண்ணாடி டம்ளர்களில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டினாள். சர்க்கரை போட்ட கடுங்காப்பி, அடுப்பை அணைத்த பிறகு லிக்யூர். பிரிசில்லா கேக்குக்கு வாங்கி வைத்திருந்த க்ரீமை லேசாக அடித்து, ஸ்பூன் முதுகில் மெதுவாக வழியவிட்டாள். கறுப்பின் மேல் வெள்ளை ஒரு விரல் உயரத்துக்கு அசையாமல் நின்றது. வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காதவள்.

மனைவியோடு வந்து ஹாலில் உட்கார்ந்த முசியே ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார். அடுத்த நிமிஷம், செய்தது யார் என்று பார்க்க, என் சால்வையைப் போர்த்திக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டார்.

"இவங்களா பண்ணது? குக்கா?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஆரோவில்ல வேலை பாக்குறவங்க" என்றேன். அதில் பொய்யே இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பிரிசில்லா உள்ளே வந்து, "அத்தை, எனக்கு வெறும் க்ரீம் மட்டும்" என்று அக்காவின் தோளில் சாய்ந்தாள். சமையலறையில் ஏசி இல்லை. எனக்கு வேர்த்ததற்கு அதைக் காரணம் சொல்லலாம்.

முசியேவின் முகம் மலர்ந்தது. மனைவியைக் கூப்பிட்டார். "பாரு, வேலைக்கு வர்றவங்களக்கூட அத்தைன்னு முறை சொல்லிக் கூப்பிடுது பொண்ணு. இந்த வளர்ப்பு இப்ப எங்க இருக்குது? ரெக்ஸ், எங்களுக்கு முடிவாயிடுச்சுங்க."

பிரிசில்லா என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். அக்கா அவள் கையை அழுத்தி, அதில் க்ரீம் கிண்ணத்தை வைத்தாள். "காப்பி ஆறுதுங்க, போய்க் குடிங்க" என்றாள் முசியேவிடம். நான் அதற்குள் என் வளர்ப்புக்குக் கிடைத்த பாராட்டை இரண்டு கையும் கூப்பி வாங்கிக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போனதும் அக்காவை பைக்கில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பினேன். இரண்டு பக்கமும் மழைத்தண்ணீர் நிற்கும் உப்பளம். எப்போதும் என் தோளைப் பிடித்துக்கொள்பவள், இன்றைக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நிச்சயம் என்னைக்கு?"

"பொங்கல் கழிச்சுக்கா."

"நான் யாரா வரணும்னு முன்னாடியே சொல்லிடுடா. அதுக்கேத்த புடவையா கட்டணும்ல."

குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே கேட்டாள். பக்கக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. பதிலுக்குக் காத்திருந்தது. லாரி லைட்டு கண்ணு கூசுது என்று சொல்லிக் கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். பின்னால் வண்டி எதுவும் வரவில்லை.