பின்னுக்குத் தள்ளிய சத்தம்

ஜுனைதீன் ஹாஜியார் தம் மகள் நுஸ்காவுக்கு என் மகன் ஸியாமைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். நாங்களாகப் போய்க் கேட்கவில்லை. தெரணியகலை பஸாரில் என் ஹார்ட்வெயார் கடையை ஒட்டி, வாகனங்களுக்குப் பாட்டு செட் பூட்டும் கடையை ஸியாம் நடத்துகிறான். பேச்சு நடந்துகொண்டிருந்தபோதே, கித்துல்கலைக்கு ஆளேற்றி ஹயர் ஓடும் தமது வேனையும் ஹாஜியார் செட் பூட்ட அவனிடம் கொடுத்தார்.

ஸியாம் முன் கதவுகளின் மேற்பக்கம் கூரிய ஒலிக்கான ட்வீட்டர்களும் கீழே மற்ற ஒலிகளுக்கான மிட் ஸ்பீக்கர்களும் வைத்தான். சத்தத்தைப் பெருக்கும் நான்கு செனல் அம்ப் ஒன்றைப் பூட்டி, முன் செனல்களை ட்வீட்டர்களுக்கும் பின் செனல்களை மிட்டுகளுக்கும் கொடுத்தான். அப்படிச் செய்தால் இரண்டையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கலாம். பின்னால் ஸ்பீக்கர் கிடையாது.

மறுவாரம் வேன் திரும்பி வந்தது. முன் சீட்டிலிருந்து ஹாஜியார் இறங்கவில்லை. மார்க்கச் சொற்பொழிவான பயான் தலையணைக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருக்கிறது, ஒரு சொல்லும் பிரியவில்லை என்றார். பிறகு, எதிர்த் தேநீர்க் கடைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஒரு செட்ட ஒழுங்கா பூட்டத் தெரியாதவன் என்ட மகள எப்டி வெச்சிப் பாக்கப் போற?"

தேநீர்க் கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஸியாமைக் கூப்பிட்டேன். வேலை பிழையென்றால் சம்பந்தம் முறியட்டும். சரியென்றால் அந்தச் சொல் பஸாரில் கிடக்கக் கூடாது.

ஸியாம் பயானைப் போடச் சொன்னான். மந்தமாகத்தான் கேட்டது. செட்டைப் பார்த்துவிட்டு, சாரதி சதீஸிடம் மெதுவாக ஏதோ கேட்டான்.

"ஹாஜியார் முன்னால குந்தியிருக்காருங்க," என்றான் சதீஸ், இன்னும் மெதுவாக. "பெரியவங்க ஏறினா செட்டு பொத்தானத் திருப்பி சத்தத்த பின்னுக்குத் தள்ளிருவேன். கை அப்படியே பழகிருச்சுங்க."

முன்னால் இருக்கும் பெரியவரின் காதில் சத்தம் அறையாதிருக்க எங்கள் பக்கத்துச் சாரதிகள் காட்டும் மரியாதை அது. மற்ற வேன்களில் பின்னாலும் ஸ்பீக்கர் இருப்பதால் கெடுதல் இல்லை. இந்த வேனில் சத்தத்தைப் பின்னுக்குத் தள்ளினால் முன் செனல்கள் அடங்கி, சொற்களைப் பிரித்துக் காட்டும் ட்வீட்டர்கள் ஊமையாகிவிடும்.

அதே பொத்தானைத் திருப்பி, சத்தத்தை முன்னுக்குக் கொண்டுவந்து காட்டியிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். சதீஸ் ஏச்சு வாங்கியிருப்பான், ஹாஜியார் எல்லார் முன்னும் சிறுத்திருப்பார். ஸியாம் அதைச் செய்யவில்லை. வேனின் பின்பக்கம் போய், செட்டிலிருந்து அம்புக்கு வரும் முன் வயரைக் கழற்றி, பின் வயரை அந்த இடத்தில் செருகினான். அம்பிலிருந்த சிறு சுவிட்சை மாற்றி, பின் வயரிலிருந்தே நான்கு செனல்களுக்கும் சத்தம் போகும்படி செய்தான். இனிப் பின்னுக்குத் தள்ளி வைத்தாலும் எல்லாம் பாடும். பயான் சொல் சொல்லாக வந்தது.

"மாமா, உங்கட வேன் ஓடுற முறைய நான் முதல்லயே கேட்டிருக்கணும்," என்றான். "இப்ப அதுக்கேத்த மாதிரி மாத்திட்டேன்."

அவன் அப்படித் தணிந்து பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. வயரில் பிழை இருக்கவில்லை. ஹாஜியார் தலையசைத்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு கல்யாண நாள் குறிக்க வரச் சொன்னார்.

"மொதல்ல அந்தச் சொல்லத் திருப்பி எடுங்க ஹாஜியார்," என்றேன். "சொன்ன எடத்திலயே."

சதீஸ் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஹாஜியார் என்னைப் பார்த்தார், தேநீர்க் கடையைப் பார்த்தார். கதவைத் திறந்து இறங்கினார்.

"ஸியாமுக்கு வேல தெரியும். நாந்தான் தெரியாமப் பேசின."

"தெளிவாக் கேட்டிச்சு ஹாஜியார்," என்றது தேநீர்க் கடையிலிருந்து ஒரு குரல்.

வெள்ளிக்கிழமை வருகிறோம் என்றேன்.