பெண்கள் பக்கத்துப் படக்காரி

ஃபஹ்மியா பதினொரு வருடமாகப் படம் எடுக்கிறாள். முந்நூறு கலியாணமாவது எடுத்திருப்பாள். ஆனால், "நீங்க எடுத்ததுல நல்லதா ஒன்டு காட்டுங்க பாப்பம்" என்று யாராவது கேட்டால், காட்ட அவளிடம் ஒன்றுமே கிடையாது. இதென்ன கூத்து என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான்.

அவள் புத்தளத்துக் கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்துக்கு மட்டும் படம் எடுக்கிறவள். அந்தப் பக்கம் ஆண் வாடையே ஆகாது. வாசலில் ஒரு மாமி கூடையோடு நின்று வருகிறவர்களின் போன்களையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் முக்காடுகள் கழலும், கூந்தலில் பூ ஏறும், வாய்விட்ட சிரிப்பெல்லாம் வெளியே வரும். அத்தனையும் ஃபஹ்மியாவின் கமராவுக்குள் போகும். அல்பம் செய்து பெண்ணின் உம்மாவிடம் கொடுத்த கையோடு, தன் கணினியில் இருப்பதையெல்லாம் அழித்துவிடுவாள். அது அவள் கொடுக்கிற வாக்கு. அவள் எடுத்ததிலேயே திறமான படங்களெல்லாம் ஊராரின் அலுமாரிகளுக்குள் பூட்டிக் கிடக்கின்றன.

போன வருடம் கொழும்பில் ஒரு படக் கண்காட்சிக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். ஐந்து படம் அனுப்ப வேண்டும். இவள் எதை அனுப்புவாள்? ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணுகிற ஒரு சஹன் தட்டுச் சோற்றையும், மருதாணி வைத்த இரண்டு கைகளையும், வீட்டுப் பூனையை மூன்று விதமாகவும் அனுப்பினாள். பதில் வரவில்லை. எப்படி வரும்?

அந்த எரிச்சலில்தான் அவள் றிஸ்வியிடம் போய் நின்றாள். றிஸ்வி அவளுடைய சாச்சியின் மகன். கற்பிட்டியில் இரண்டு தட்டு லோஞ்ச் படகொன்று வைத்திருக்கிறான். கீழே நாலு அறை, மேலே கதிரை போட்ட தளம். டொல்ஃபின் பார்க்க வருகிறவர்களைக் கடலிலும் அதை ஒட்டிய களப்பிலும் இரண்டு நாள் சுற்றிக் காட்டுவது தொழில். ஆனால் கற்பிட்டியில் இப்போது டொல்ஃபின்களைவிடப் படகுகள் கூடிப்போயின.

"நானா, களப்பத் தாண்டி ஆத்துக்குள்ள போவம்" என்றாள் ஃபஹ்மியா. "ஆத்தங்கரையில ஒருத்தரும் போகாத ஊருங்க இரிக்கு. கமரா தூக்கிற ஆக்கள் முகம் எடுக்கத்தான் அலையிறாங்க. ஊர நான் தேடித் தாறன்."

றிஸ்வி தாடியைத் தடவினான். "சரி, ஒரு பயணம் பாப்பம். ஆனா பேஸ்புக்ல போட எனக்கு ஒரு முகம் வேணும். மரமும் கொக்கும் போட்டா ஒருத்தன் திரும்பிப் பாக்க மாட்டான். அந்த ஊர் ஆளிட முகம் ஒன்டு, நீ எடுத்தது. கெடச்சா சீசன் முழுக்க இந்தப் பயணம் உன்ட பொறுப்பு. கெடைக்காட்டி இந்தக் கதையயே விட்டுடணும், சரியா?"

"சரி" என்றாள். சம்பளத்தைப் பற்றி அவள் கேட்கவேயில்லை. தான் எடுத்த ஒரு முகத்தை நாலு பேர் பார்ப்பார்கள் என்பதிலேயே அவளுக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

ஊர் தேடுவது லேசான வேலையா என்ன? மூன்று கிழமை ஸ்கூட்டியிலும் தோணியிலும் அலைந்தாள். முதல் ஊரில் ஆட்களெல்லாம் உப்பளத்துக்குப் போயிருந்தார்கள். நாய்கள் மட்டும் வரவேற்றன. இரண்டாவது ஊருக்கு எத்தனையோ நிவாரண நிறுவனத்துக்காரர்கள் வந்து போயிருந்ததால், கமராவைக் கண்டதுமே சனம் முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு வெள்ளத்தில் போன கோழிகளின் கணக்கைச் சொல்லத் தொடங்கியது. மூன்றாவதாக ஆறு களப்பில் விழுகிற இடத்தில், கண்டல் மரங்களுக்குப் பின்னால், கண்டல்பிட்டி அகப்பட்டது.

இருபத்தைந்து வீடு இருக்கும். ஆண்கள் சீசனுக்கு மீன்பிடிக்கத் தீவுப் பக்கம் வாடிக் குடிசை அடித்துத் தங்கியிருந்தார்கள். காற்று மாறினால்தான் திரும்புவார்கள். ஊரில் பெண்கள்தான். ஆற்றங்கரையில் நீள மேசை போட்டு இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவி ஜுனைதா. ஐம்பது வயது, கணீரென்ற குரல், ஒரு கூடை இறாலை ஒற்றைக் கையால் தூக்கி வைக்கிற உடம்பு. ஃபஹ்மியாவைக் கண்டதும் அவள் கண்ணைச் சுருக்கினாள்.

"நீ கனமூலையில எங்கட மர்ளியாட கலியாணத்துக்கு வந்த படக்காரிப் புள்ளல்லியா?"

"ஓம் ராத்தா."

அவ்வளவுதான். மேசை முழுக்க ஒரே கலகலப்பு. தேத்தண்ணி வந்தது, பொரித்த இறால் வந்தது. ஃபஹ்மியா விஷயத்தைச் சொன்னாள்: சனிக்கிழமை லோஞ்சில் வருவோம், இன்னும் நாலு பேர் வருவார்கள், எல்லோரும் நன்றாகப் படம் எடுக்கிறவர்கள்.

"வரட்டுமே! சனிக்கெழம வேலயக் கொஞ்சம் பிந்திப் பாப்பம்" என்றாள் ஜுனைதா. ஃபஹ்மியா வாய் நிறையப் பல்லோடு திரும்பினாள்.

சனிக்கிழமை காலை. லோஞ்சின் மேல்தளத்தில் கொழும்புப் படக் கழகத்தைச் சேர்ந்த நாலு பேர். அதில் மூத்தவர் விநாயகமூர்த்தி, ஓய்வுபெற்ற பொறியியலாளர். அவருடைய லென்ஸ் முழங்கை நீளம். கண்டல் மரங்களைச் சுற்றி லோஞ்ச் திரும்பியதும் கரை தெரிந்தது.

கரையில் கண்டல்பிட்டிப் பெண்கள் நின்றார்கள். ஆனால் எப்படி நின்றார்கள்! பெருநாள் சேலை, கழுத்தில் நகை, தலையில் முக்காடில்லை, பின்னிய கூந்தலில் மல்லிகை. கலியாண வீட்டில், பெண்கள் பக்கத்தில், ஃபஹ்மியாவின் கமராவுக்கு முன்னால் எப்படி நிற்பார்களோ, அப்படியே நின்றார்கள். நடுவில் ஜுனைதா எதற்கோ தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஃபஹ்மியாவுக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கியது. பதினொரு வருடமாக அவள் வருகிறாள் என்றாலே அங்கே ஆண்கள் இல்லை என்றுதான் அர்த்தம். அதை யாரும் கேட்டதில்லை, அவளும் யாருக்கும் சொன்னதில்லை. வருகிற நாலு பேரும் ஆண்கள் என்று சொல்ல வேண்டும் என்பதே அவள் மண்டையில் உதிக்கவில்லை. அட மடச்சி!

கரையில் ஒருத்தி மேல்தளத்தைக் கண்டுவிட்டாள். "ஆம்பிளைங்க! ஆம்பிளைங்கடி!" என்று ஒரு கூச்சல். மறு நொடி சேலைகள் பறந்தன, இறால் கூடையொன்று கவிழ்ந்து உருண்டது, ஆளுக்கொரு வீட்டுக்குள் பாய்ந்து கதவைச் சாத்தினார்கள். ஜுனைதா மட்டும் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கை வைத்துக் கரையிலேயே நின்றாள்.

லோஞ்ச் துறையைத் தொட்டதும் ஃபஹ்மியா ஒருத்தியாகக் குதித்து ஓடினாள்.

"நாலு பேரும் ஆம்பிளைங்களா?"

"ஓம் ராத்தா."

"அதச் சொல்ல வாய் வரல்லியா ஒனக்கு?"

"சொல்லணும்டே தோணல்ல ராத்தா. அல்லாஹ்மேல சத்தியமா. என்ட பிழைதான்."

ஜுனைதா ஒரு பிடி பிடித்தாள். ஃபஹ்மியாவின் மூளையைப் பற்றியும், றிஸ்வியின் லோஞ்சைப் பற்றியும், கொழும்பைப் பற்றி மொத்தமாகவும் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்தாள். பிறகு குரலைத் தணித்துக் கேட்டாள்: "அவங்கட கமராவுல எங்கட முகம் விழுந்திருக்கா? அத மட்டும் சொல்லு."

ஃபஹ்மியா லோஞ்சுக்குத் திரும்பி ஓடினாள். மூன்று பேர் எடுக்கவில்லை; இன்னும் மூடியையே கழற்றியிருக்கவில்லை. விநாயகமூர்த்தி மட்டும் தன் கமராவின் திரையைப் பார்த்தபடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். றிஸ்வி அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஃபஹ்மியா, இங்க வந்து பாரு!" என்றான் றிஸ்வி. "இதுதான் நான் கேட்ட முகம்!"

பார்த்தாள். பார்த்திருக்கவே கூடாது. ஆற்று வெளிச்சம் கீழிருந்து அடிக்க, ஜுனைதா தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாள். சுற்றி நிற்கிற பெண்களின் கண்ணெல்லாம் அவள்மேல். ஒருத்தியின் கூந்தலிலிருந்து நழுவிய மல்லிகைச் சரம் காற்றில் நிற்கிறது. ஃபஹ்மியா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நல்ல படம் எது என்று தெரிந்த எவரும் கண்ணை எடுத்திருக்க மாட்டார்.

"ஐயா இத எங்களுக்குத் தாறாராம்" என்றான் றிஸ்வி. "நீ எடுக்காட்டியும் பரவாயில்ல, ஊரக் கண்டு பிடிச்சது நீதானே. பயணம் உனக்குத்தான். பேச்சு முடிஞ்சு."

சும்மா தலையை ஆட்டியிருந்தால் போதும். சீசன் முழுக்க வேலை கையில். ஜுனைதாவிடம் போய், 'ஒன்றுமில்லை ராத்தா, யாரும் எடுக்கவில்லை' என்று ஒரு பொய். கண்டல்பிட்டியில் யார் பேஸ்புக்கைக் கிண்டிப் பார்க்கப்போகிறார்கள்? இந்த யோசனை அவளுக்கு வரவில்லை என்று சொன்னால் அது புளுகு. வந்தது. நன்றாகவே வந்தது.

"ஐயா, இத அழிக்கணும்" என்றாள்.

றிஸ்வி தலையில் கை வைத்துக்கொண்டான். விநாயகமூர்த்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். "முப்பது வருசமாக் கமரா தூக்கிறன் பிள்ளை. எனக்கு இப்பிடி ஒண்டு விழுந்ததேயில்லை."

"தெரியும் ஐயா. எனக்கு இப்பிடி நெறைய விழுந்திருக்கு. எல்லாத்தையும் என்ட கையாலதான் அழிச்சன். எப்பிடி நோகும்டு எனக்குத் தெரியாம நான் கேக்கல்ல."

அவர் திரையைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார். பிறகு கழுத்து வாரைக் கழற்றி, கமராவை அப்படியே அவளிடம் நீட்டினார். "நீங்களே அழியுங்கோ. என்ர கையால ஏலாது."

ஏழு படம் அடுத்தடுத்து விழுந்திருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அழித்தாள். அந்த மல்லிகைச் சரத்துக்கு வந்தபோது விரல் நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

கமராவைக் கரைக்குக் கொண்டுபோய் ஜுனைதாவின் கையில் கொடுத்தாள். "நீங்களே பாருங்க ராத்தா." ஜுனைதா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். கொக்கு, கண்டல், கொக்கு, தோணி, மறுபடி கொக்கு, கதிரையில் வாயைப் பிளந்து தூங்குகிற ஃபஹ்மியா. அதில் ஜுனைதாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வீடுகளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "வாங்கடி வெளிய! ஒன்டுமில்ல. ஆனா அந்த நாலு பேரையும் அங்கால அனுப்பு புள்ள. இவளுகள் விடியத்துலேந்து பூ வெச்சிட்டு நிக்கிறாளுகள்."

நாலு பேரும் றிஸ்வியோடு தோணியில் அக்கரைக்குப் போனார்கள். அங்கே முத்தலிபு என்கிற எழுபது வயதுக்காரரும் அவருடைய ஆடுகளும் இருந்தார்கள். முத்தலிபை நின்றபடி, இருந்தபடி, ஆட்டோடு, ஆடில்லாமல் எடுத்துத் தள்ளினார்கள். ஒரு மணித்தியாலத்தில் அவர், "தம்பிமாரே, இனி ஆட்ட எடுங்க, நான் கொஞ்சம் சாயிறன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

இக்கரையில் ஃபஹ்மியா தன் பழைய வேலையைச் செய்தாள். ஒருவரையும் விடாமல் எடுத்தாள். எல்லாம் அல்பமாகி இந்த ஊர் அலுமாரிகளுக்குள் போகப்போகிறது. உச்சி வெயில் ஏறியபோது அவள் மேசை ஓரத்தில் உட்கார்ந்து வெறும் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் மூஞ்சி தொங்கிப்போய் இரிக்கு?" என்றாள் ஜுனைதா. சேலையை மாற்றி, வேலைக்கு உடுத்துகிற பழைய உடுப்போடு, தலையை இறுக்கி மூடிக் கட்டியிருந்தாள்.

மறைத்து என்ன ஆகப்போகிறது? ஃபஹ்மியா எல்லாவற்றையும் சொன்னாள். றிஸ்வி கேட்ட முகம், காட்ட ஒரு படமில்லாத பதினொரு வருடம், பூனையை மூன்று விதமாக அனுப்பிய வெட்கம், சற்றுமுன் அழித்த ஏழு படம், சொல்ல நினைத்த பொய். பொய் வரைக்கும் சொன்னாள். அவளுக்கே ஏன் என்று தெரியவில்லை.

ஜுனைதா இறாலைப் பிரித்தபடி கேட்டாள். "சரி, எடு" என்றாள் திடீரென்று.

"என்னத்த?"

"என்னத்தான். இந்த உடுப்போட, இந்த மேசையில. முப்பது வருசமாச் சிலாபம் சந்தையில இந்த மூஞ்சியோடதான் யாவாரம் செய்றன். அரவாசிச் சனத்துக்கு என்னத் தெரியும். சேலையும் பூவும் எங்கட வீட்டுக்கு. இது வெளிக்கு. காட்டு, எங்க வேணும்டாலும் காட்டு."

"நெசமாவா ராத்தா?"

"கூடக் கதைச்சா மனச மாத்திடுவன்."

ஃபஹ்மியா கமராவைத் தூக்கினாள். இறக்கி லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி தூக்கினாள். முந்நூறு கலியாணத்தில் அப்படித் துடைத்ததில்லை.

"சிரிக்கவா?" என்றாள் ஜுனைதா.

"ஒங்கட விருப்பம்."

ஜுனைதா சிரிக்கவில்லை. விலை குறைத்துக் கேட்கிற யாவாரியைப் பார்ப்பது போல, நேராக, ஆற அமரப் பார்த்தாள். ஃபஹ்மியா எடுத்தது மூன்றே மூன்று படம்.

லோஞ்ச் புறப்படும்போது ஜுனைதா துறைவரைக்கும் வந்து றிஸ்வியை ஒரு முறை முறைத்தாள். "தம்பி, அடுத்த தரம் பொம்புளைங்களக் கூட்டி வா. கொழும்புல கமரா தூக்கிற பொம்புளைங்களே இல்லியா?"

"இரிக்காங்க ராத்தா, நெறைய இரிக்காங்க" என்றான் றிஸ்வி அவசரமாக. அவனுடைய தலைக்குள் அதற்குள்ளேயே புதுப் பயணமொன்று ஓடத் தொடங்கியிருந்தது முகத்தில் தெரிந்தது.

களப்பின் நடுவே வந்ததும் விநாயகமூர்த்தி தன் கதிரையை ஃபஹ்மியாவின் பக்கம் இழுத்துப் போட்டார். "அந்த அம்மாவை எடுத்தனீங்களாம். காட்டுங்கோ பாப்பம்."

ஃபஹ்மியாவின் உள்ளங்கை தானாகப் போய்த் திரையை மூடிக்கொண்டது. பழக்கதோஷம். பிறகு, 'ஏன் மூடுகிறேன், இதைக் காட்டலாமே' என்று நினைவு வர, கையை எடுத்தாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மற்ற மூன்று பேரும் வந்து குனிந்தார்கள்.

"நான் பொய் சொல்லமாட்டன் பிள்ளை" என்றார் விநாயகமூர்த்தி கடைசியில். "அழிச்ச படம் இதைவிட வடிவு. ஆனா அதில அந்த மனிசி என்னைப் பாக்கேல்லை. இதில உங்களைப் பாக்கிறா."

ஃபஹ்மியாவுக்கு அழுகை வந்துவிட்டது. நாலு ஆண்களுக்கு முன்னால், மேல்தளத்தில், மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள். அழுதுகொண்டே, "மத்த ரெண்டையும் பாருங்க" என்று கமராவை அவரிடம் கொடுத்தாள்.