கிட்டாருக்கு அடியில் என் நாத்தனார்

துணி வாளியோடு மாடிப்படி இறங்கும்போது கால் இடறி, என் இடது கணுக்கால் உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

வேறு யாராக இருந்தாலும் விஷயம் அந்த ஆறு வாரத்தோடு முடிந்திருக்கும். நான் பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவள். அது மடியில் வைக்கும் கிட்டார் இல்லை; கால் வைத்த மேசை மாதிரி முன்னால் நிற்கும். பத்துத் தந்திகளின் மேல் ஓர் இரும்பு உருளையை வழுக்கவிட்டு வாசிக்க வேண்டும். அந்தப் பத்தில் ஒன்றிரண்டு மட்டும் மற்றவற்றை விட்டுப் பிரிந்து மேலே ஏறுவதுதான் அதன் அழகு. அதற்குத்தான் பெடல்கள். இடது காலால் மிதித்தால், அடியில் ஓடும் மெல்லிய கம்பிகள் தந்தியை இழுத்துச் சுரத்தை உயர்த்தும்.

கட்டைப் பிரித்த மறுநாள் ஆசையோடு உட்கார்ந்தேன். முதல் பெடல் பாறாங்கல் மாதிரி இருந்தது. ஒரு வாரம் முயன்றேன். டாக்டரிடம் போனால், எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது, பயிற்சி செய்யுங்கள் என்றார். அன்றைக்கே எங்கள் இசைக்குழுத் தலைவர் போன் செய்தார்.

"அவசரமே இல்லம்மா, நிதானமா வாங்க. இந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் வேற யாரையாவது பார்க்கட்டுமா?"

நிகழ்ச்சிக்குப் பத்து நாள் இருந்தது. ஒரு நிகழ்ச்சிக்கு வந்தவர் அடுத்ததற்கும் வருவார் என்பது எனக்குத் தெரியாதா? இரண்டு நாளில் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் நாத்தனார் வந்தாள், என் கணவரின் தங்கை. துணி ஆலை ஒன்றில் இருநூறு தையல் மெஷின்களைப் பழுது பார்ப்பவள். வீட்டில் அவளுக்கு 'ஸ்பேனர்' என்றுதான் பெயர். சங்கீதம் அவளுக்குக் காத தூரம். பாட்டுக்குக் கை தட்டினால், பாட்டு ஒரு பக்கம் போகும், அவள் கை ஒரு பக்கம் போகும்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு பெடலை மிதிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உங்க காலப் பார்க்கத்தான் வந்தேன் அண்ணி. இப்ப இத முதல்ல பார்க்கணும் போல இருக்கு."

சொல்லிக்கொண்டே தரையில் மல்லாந்து படுத்து, கிட்டாருக்கு அடியில் தலையை நுழைத்தாள். உள்ளே அவளுக்கு என்ன தெரிந்ததோ, "அடேயப்பா!" என்றாள். நகைக்கடையில் நிற்பவள் குரல் மாதிரி இருந்தது.

எல்லாக் கம்பிகளையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினாள். மாட்டியதன்மேல் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "மிதிங்க." மிதித்தேன். "இது வழுக்குது." அடுத்தது. "இதுவும் வழுக்குது." முதல் பெடலின் கம்பிக்கு வந்ததும் நிறுத்தினாள். "இது அழுவுது அண்ணி. எங்கயோ வளைஞ்சு பக்கத்துக் கம்பிய உரசுது."

பிறகு கழுத்தை மட்டும் வெளியே நீட்டி, வாசற்படியில் நின்ற என் கணவரைப் பார்த்தாள்.

"அண்ணா, ஆறு வாரமா இத எங்க வச்சிருந்த?"

"பரண்ல. பத்திரமாத்தான் வச்சேன்."

"எப்படி?"

"காலைக் கழட்டி, கவுத்து."

"மேல?"

"ஒரு பெட்டி..." என்றார். அவள் பார்வையை எடுக்கவில்லை. "ரெண்டு பெட்டி."

"நல்ல வேளை, நீயும் ஏறி உக்காரல."

அவர் டீ போடுகிறேன் என்று நழுவிவிட்டார். நான் சிரித்தேன், அடுத்த நிமிஷம் கண் கலங்கிவிட்டது. கோளாறு கிட்டாரில் இருக்க, ஒரு வாரமாக என் காலை நான் திட்டாத திட்டில்லை.

கம்பியைத் தரையில் உருட்டி உருட்டி நேராக்கினாள். தந்திகள் மாட்டியிருக்கும் முனையில் பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியை மண்ணெண்ணெயில் நனைத்து இடுக்கு இடுக்காகத் துடைத்து, ஓரோர் அச்சுக்கும் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டாள். "கூட ஊத்தினா தூசி குடும்பத்தோட குடி வந்துடும்."

பெடல் பாதி லேசானது. பெடலோடு சேர்ந்து அசையும் சின்னப் பட்டையில் வரிசையாகத் துளைகள் உண்டு; மீதிக்கு, கம்பி மாட்டும் துளையை மாற்றினாள். உள்துளைக்குப் போகப்போக மிதி லேசாகும். ஆனால் ஆழமும் கூடும். இரண்டு துளை தள்ளிப் பார்த்தோம். கணுக்கால் அவ்வளவு இறங்கவில்லை. ஒரு துளையில் நிறுத்தினோம்.

அங்கேதான் அவளும் தவறினாள். கம்பி முனைகளில் இருக்கும் நைலான் நட்டுகளைத் துளி ஆட்டம் இல்லாமல் இறுக்கிவிட்டாள். தந்தியை மீட்டினேன், மிதிக்காமலேயே சுரம் ஏறி நின்றது.

"காலை எடுத்தாலும் தந்தி முழுசா பழைய இடத்துக்கு வரல. கொஞ்சம் தளர்வு வேணும்மா."

"தளர்வா? எங்க ஃபேக்டரில அப்படி விட்டா என்னைத் துரத்திடுவாங்க."

"இங்க முடியளவு விடணும்."

ஒவ்வொரு நட்டையும் கால்வாசித் திருகு பின்னால் எடுத்தாள். நான் காதால் கேட்டுச் சொல்லச் சொல்ல, அவள் திருகினாள். மணி மூன்று ஆகிவிட்டது. டீ இரண்டு தடவை ஆறிப்போனது. முடிந்தது என்று நான் எழுந்தபோது அவள் எழவில்லை; விரல் இன்னும் கம்பிகள் மேலேயே இருந்தது.

"இன்னொரு தடவை மிதிங்க. மெதுவா... அஞ்சாவது தந்தி முன்னாடியே கிளம்புது அண்ணி. பத்தாவது தூங்கி எழுந்து வருது."

எனக்குச் சுருக்கென்றது. அந்த முதல் பெடல் இந்த இரண்டு தந்திகளையும் சேர்த்து உயர்த்த வேண்டும். பன்னிரண்டு வருடமாக அதை மிதிக்கும்போதெல்லாம் சுரத்தில் ஓர் இழுவை இருக்கும். அது கிட்டாரின் குணம் என்றே இருந்துவிட்டேன். பத்தாவதின் கம்பியை இன்னும் ஒரு துளை உள்ளே மாற்றி, மிச்சமிருந்த தளர்வை நட்டால் குறைத்தாள். மிதித்தேன். இரண்டு தந்திகளும் கை கோத்த மாதிரி ஒன்றாக எழுந்தன. சுரம் தெரியாதவளின் விரலுக்கு, என் காதுக்குப் பிடிபடாதது பிடிபட்டுவிட்டது. அவள் கையை எடுத்து என் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"அய்யே, மண்ணெண்ணெய் அண்ணி!" என்று இழுத்துக்கொண்டாள்.

அன்று மாலையே தலைவருக்கு போன் செய்து, ஆள் பார்க்க வேண்டாம் என்றேன்.

நிகழ்ச்சியில் கடைசி இரண்டு பாட்டுக்குக் கால் வலித்தது. ஆனால் ஒரு சுரம்கூடத் தவறவில்லை. முன்வரிசையில் எல்லோரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருக்க, நாத்தனார் மட்டும் தலையைச் சாய்த்துக் கிட்டாருக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும், கிட்டாரைச் சரிசெய்தது யார் என்று நான் சொல்ல, தலைவர் அவளிடம் வந்தார். "எங்க கீபோர்டையும் ஒரு தடவை பார்க்க முடியுமாம்மா?"

அவள் மேடையேறி, குனிந்து, கீபோர்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். வழவழப்பான பிளாஸ்டிக். நிமிர்ந்தாள்.

"பார்க்க ஒண்ணுமே இல்லையே சார்," என்றாள், அவருக்காக வருத்தப்படுகிற மாதிரி.