வெர்னா தேர்ந்தெடுத்த கருவி

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஆர்லன் தன் துப்பாக்கி சமாசாரம் எதிலும் வெர்னாவிடம் யோசனை கேட்டதில்லை. அந்த அக்டோபர் சனிக்கிழமையும் கேட்கவில்லை. அவளாகத்தான் பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "ஓட்டு, நானும் வர்றேன்" என்றாள்.

காரணம் இருந்தது. ஆர்லன் கடையில் தோட்டா வாங்குகிற ஆள் இல்லை. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி எடுத்துவந்து, மறுபடி மருந்தும் குண்டும் வைத்துத் தானே தயார் செய்துகொள்வான். அமெரிக்காவின் மான்டானாவில் அவன் வயசுக்காரர்கள் பாதிப்பேர் அப்படித்தான். கூட்டின் அடியில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு ப்ரைமர் இருக்கும், துப்பாக்கியின் ஊசி தட்டியதும் முதலில் வெடிப்பது அதுதான். வெடித்து முடித்த அந்தப் பழைய ப்ரைமரைக் குத்தி வெளியே தள்ளினால்தான் அடுத்த வேலை நடக்கும். ஒன்றிரண்டு என்றால் பரவாயில்லை, வாளி வாளியாகக் கூடு சேர்த்துவைத்தால் என்ன செய்வது? குளிர்காலம் பூராவும் சாப்பிட்ட கையோடு கராஜுக்குப் போய்விடுவான். வெர்னா தட்டைக் கழுவிவிட்டுத் திரும்பினால் ஆள் இருக்கமாட்டான். போன ஜனவரியில் அந்தக் குளிரில் உட்கார்ந்து உட்கார்ந்து நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் படுத்தான். அதற்கும் திருந்தவில்லை.

துப்பாக்கிக் கடைக்கார லெஸ்டர், பழைய ப்ரைமரைக் குத்தித் தள்ளுகிற மூன்று கருவிகளைக் கண்ணாடி மேஜைமேல் பரப்பினான்.

"இது சும்மா கம்பி. கூட்டுக்குள்ள விட்டு மேல சுத்தியால தட்டணும். விலை கம்மி."

"ராத்திரி பூரா டொக்கு டொக்குன்னா? அந்த வீட்டுல நானும் இருக்கேன்ப்பா" என்றாள் வெர்னா.

லெஸ்டர் சிரித்துக்கொண்டே அதை ஓரம் தள்ளினான். இரண்டாவது, ஆர்லன் கராஜ் மேஜையில் திருகி நிறுத்தியிருக்கும் பிரஸ் என்கிற நெம்புகோல் இயந்திரத்தில் மாட்டுவது. நெம்பினால் ஊசி இறங்கும், பழைய ப்ரைமர் ஒரு குழாய் வழியாகக் கீழே பாட்டிலில் போய் விழும். ஆர்லனின் கண் அதிலேயே ஒட்டிக்கொண்டது. மூன்றாவது இடுக்கி மாதிரி இருந்தது. கூட்டை மாட்டிக் கைப்பிடியை அமுக்கினால் 'க்ளிக்'. அவ்வளவுதான்.

"இதுக்கு பெஞ்சு கூட வேணாம். சாஞ்சு உக்காந்து டிவி பாத்துக்கிட்டே பண்ணலாம்" என்றான் லெஸ்டர்.

அந்த ஒரு வார்த்தை போதும், வெர்னா முடிவு கட்டிவிட்டாள்.

"இது பொம்மை. கை கடுக்கும்" என்று முணுமுணுத்தான் ஆர்லன்.

"உனக்கா கை கடுக்கும்? எல்க் மான் ஒண்ணை ஒத்தை ஆளா மலையிலேர்ந்து இழுத்துட்டு வந்தேன்னு ஊர் பூராத் தம்பட்டம் அடிச்சியே, அந்தக் கை எங்க போச்சு?"

"அது வேற, இது வேற."

"ஆர்லன், அம்மா சொல்றதைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போங்க, வம்பை வெலைக்கு வாங்காதீங்க" என்றான் லெஸ்டர். ஆர்லன் பெருமூச்சு விட்டுப் பர்ஸை எடுத்தான். வெர்னாவுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் குளிர்காலம் மாதிரி ஒன்று அவளுக்கு வாய்த்ததே இல்லை. சாப்பாடு முடிந்ததும் ஆர்லன் தன் சாய்வு நாற்காலியில் உட்காருவான். மடியில் ஒரு தட்டு, பக்கத்துக் கூடையில் கூடுகள். க்ளிக், க்ளிக். வெர்னா எதிரே ஸ்வெட்டர் பின்னுவாள். கை வேலையாக இருந்தால் இந்த மனுஷனுக்கு வாய் திறக்கும் என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாது. பண்ணையை விற்ற அன்று கொட்டகைக்குப் பின்னால் போய் அழுததைக்கூடச் சொன்னான். "இதை ஏன்யா அப்பவே சொல்லலை?" என்று கேட்டதற்கு, "நீ கேக்கலையே" என்றான். அடப்பாவி!

பகலில் பேத்தி ஜூனி இருப்பாள். மகள் கிர்ஸ்டன் ஊர் தானியக் கிடங்கின் அலுவலகத்தில் வேலை பார்த்தாள், அவள் கணவன் வடக்கே எண்ணெய்க் கிணறுகளில். காலையில் குழந்தையை விட்டுப்போனால் சாயங்காலம்தான் வருவாள். ஜூனி அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். கம்பளம் முழுக்க அவள் ராஜ்யம். தாத்தாவின் நாற்காலியென்றால் உயிர். அதைப் பிடித்து எழுந்து நின்று, பல் முளைக்கிற ஈறை அதன் கைப்பிடித் துணியில் வைத்துக் கடித்துக்கொண்டே இருப்பாள். ஆர்லன் அவளைத் தூக்கி மீசையால் கழுத்தில் உரசினால் வீடே அதிரும்படி சிரிப்பாள்.

பிப்ரவரியில் ஜூனிக்கு ஒரு வயசு முடிந்தது. வழக்கமான பரிசோதனைக்குக் கூட்டிப்போன கிர்ஸ்டன் கார் நிறுத்துமிடத்திலிருந்தே போன் செய்தாள்.

"அம்மா, ஜூனி ரத்தத்துல ஈயம் இருக்காம். பதினொண்ணு. மூணரையைத் தாண்டினாலே கவனிக்கணுமாம். மூளை வளர்ற வயசாம்மா."

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்று வெர்னா கேள்விப்பட்டிருந்தாள். வீடு பழசு, ஜன்னல் சட்டங்களின் பெயின்ட் அதைவிடப் பழசு. ஈரத்துணியை எடுத்து ஒவ்வொரு ஜன்னலையும் துடைத்தாள், மறுநாளும் துடைத்தாள். ஆர்லன் கழுத்துவரை பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் நுழைந்து குழாய்களைத் தட்டித் தட்டிப் பார்த்தான். மாவட்டத்து நர்ஸ் வந்து அங்கங்கே தூசியை ஒற்றியெடுத்து, குழாய்த் தண்ணீரும் பிடித்துக்கொண்டு போனாள். ஒரு வாரம் கழித்து அவளே திரும்பி வந்தாள்.

"ஜன்னல் பரவாயில்லை, தண்ணியும் சுத்தம். இந்த நாற்காலியைச் சுத்தித்தான் எக்கச்சக்கமா இருக்கு. கைப்பிடில இன்னும் மோசம். இங்க உக்காந்து யாராவது ஏதாவது வேலை பண்றீங்களா?"

வெர்னாவும் ஆர்லனும் ஒரே சமயத்தில் கூடையில் கிடந்த இடுக்கியைப் பார்த்தார்கள்.

ப்ரைமருக்குள் இருக்கும் வெடிமருந்திலேயே ஈயம் உண்டு, சுட்டபிறகு அது கரியாக அங்கேயே தங்கிவிடும், ஒவ்வொரு தடவை குத்தித் தள்ளும்போதும் கண்ணுக்குத் தெரியாமல் தூள் பறக்கும் என்று நர்ஸ் பொறுமையாக விளக்கினாள். குண்டைத் தொட்டால் மட்டும் ஓடிப்போய்க் கை கழுவுகிற மனுஷன் ஆர்லன்.

"ஈயம்னா குண்டுலதான்னு நெனச்சேன். இது வெறும் கரின்னு இருந்துட்டேனே" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

அன்று சாயங்காலம் கிர்ஸ்டன் வந்தாள். குழந்தையைக் கொண்டுவரவில்லை. கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"நான்தான் அதை வாங்கினேன். உங்கம்மா வேணாம்னுதான் சொன்னா" என்றான் ஆர்லன்.

வெர்னா அவனைத் திரும்பிப் பார்த்தாள். துப்பாக்கி விஷயத்தில் தன்மேல் தப்பு என்று அவன் சொல்லி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. முதல் தடவையாகச் சொல்கிறான், அதுவும் பொய்.

"பொய் சொல்றான். அவன் கராஜுக்கு ஏத்த மாதிரி வேற ஒண்ணைத்தான் பாத்தான். நான்தான் அடம்பிடிச்சு இதை வாங்க வச்சேன். ராத்திரில ஆள் எதிர்ல இருக்கணும்னு எனக்கு ஆசை."

"யார் வாங்கினா எனக்கென்னம்மா? இப்ப அது அவ ரத்தத்துல இருக்கு" என்றாள் கிர்ஸ்டன். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நம்பர் இறங்கட்டும். அதுவரைக்கும் ஜூனி இங்க வரமாட்டா. மன்னிச்சுக்குங்க."

மறுநாளே நாற்காலி குப்பைமேட்டுக்குப் போயிற்று. கம்பளத்தைத் தூள் பறக்காதபடி நனைத்துப் பிளாஸ்டிக்கில் சுருட்டிக் கட்டி அதையும் ஏற்றினார்கள். இடுக்கியை ஆர்லன் தனியாக ஒரு பையில் போட்டு முடிச்சுப் போட்டான். வீட்டின் மரத்தரை வெறுமையாகக் கிடந்தது. வெர்னா அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

"வெர்னா, நான் இதை மொத்தமா விட்டுடறேன். பிரஸ்ஸை வித்துடலாம்" என்றான் அவன்.

சரி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் கரியும் போகும், ஆளும் வீட்டோடு இருப்பான். ஆனால் அவன் முகத்தைப் பார்த்தாள். மாட்டையும் நிலத்தையும் விற்ற மனுஷனுக்கு மிச்சமிருப்பது அந்த மேஜையும் நாலு டப்பா கூடுகளும்தான். அதையும் பிடுங்கிக்கொண்டு எதிரே உட்காரவைத்து என்ன பேசச்சொல்வது?

"விட்டுட்டு? நாள் பூரா வீட்டுல உக்காந்து என் உயிரை எடுப்பே. போ, அந்தக் குழாய் வச்சதை வாங்கிட்டு வா" என்றாள்.

"நீயும் வாயேன்."

"நான் ஒரு தடவை வந்ததே போதும்."

அவன் தனியாகத்தான் போனான். பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி, பழைய ப்ரைமர் தண்ணீரிலேயே விழும்படி மாட்டினான். கராஜ் உடுப்பு, கராஜ் செருப்பு, கராஜ் ஏப்ரன், எதுவும் வீட்டுக்குள் வராது. பின்வாசல் அறையில் இருக்கும் தொட்டியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவியபிறகுதான் சமையலறையில் கால் வைப்பான். அங்கே காபி கொண்டுபோகவும் தடை. வெர்னா மறுபடி தனியாக டிவி பார்த்தாள். கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பகலில் குழந்தையும் இல்லை, ராத்திரியில் கிழவனும் இல்லை. பின்னி முடித்த குட்டி ஸ்வெட்டர் அலமாரியில் கிடந்தது. இந்நேரம் அது ஜூனிக்குச் சின்னதாகியிருக்கும்.

ஏப்ரலில், பனி சேறாகிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் கிர்ஸ்டனின் கார் வந்து நின்றது. குழந்தை இடுப்பில் இருந்தது. நேரே க்ளினிக்கிலிருந்து வருகிறாள் என்பது குழந்தையின் முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சிலேயே தெரிந்தது. வெர்னா கையை நீட்டினாள், பிறகு தயங்கி ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"சும்மா சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்மா" என்றாள் கிர்ஸ்டன். ஜூனி இறக்கிவிடச் சொல்லித் துள்ளினாள். கிர்ஸ்டன் தரையை ஒருமுறை மூலைக்கு மூலை பார்த்துவிட்டு அவளை இறக்கிச் சமையலறை நாற்காலியின் காலைப் பிடித்து நிற்கவைத்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பின்கதவு திறந்தது. கார் சத்தம் கேட்டு ஆர்லன் கராஜிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தான். ஏப்ரன் இடுப்பில், செருப்பு காலில், பத்து விரலும் கரி. தொட்டியைத் தாண்டிச் சமையலறை வாசல்வரை வந்துவிட்டான்.

"என்ன ஆச்சு? எவ்வளவு வந்துது?"

கிர்ஸ்டனின் முகம் இறுகியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் வெர்னா.

ஜூனி தாத்தாவைப் பார்த்தாள். இரண்டு மாசமாகப் பார்க்காத மீசை. நாற்காலிக் காலை விட்டாள். ஒரு அடி எடுத்துவைத்தாள். தள்ளாடினாள், இன்னொரு அடி வைத்தாள்.

"ஐயோ, நடக்கறா!" என்றாள் கிர்ஸ்டன். அவளே பார்த்ததில்லை போலிருக்கிறது.

இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு குழந்தை நேரே ஆர்லனைப் பார்த்து வந்தது. ஆர்லனின் கைகள் தாமாகக் கீழே இறங்கின, பாதி வழியில் நின்றன. விரல்களைப் பார்த்தான். சட்டென்று இரண்டையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனான்.

"வராதே கண்ணு. வேணாம், தாத்தா அழுக்கு."

அவள் நிற்பாளா? விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு சிரித்தபடி இன்னும் முன்னால் வந்தாள். அவன் பின்வாங்க, அவள் தொடர, சமையலறை வாசல் தாண்டியது, தொட்டி தாண்டியது. வெர்னா பிடிக்கப் பாய்ந்தாள். "இரு வெர்னா, அவ வரட்டும்" என்றான் ஆர்லன், குரல் உடைந்துபோய். முதுகு கதவில் முட்டியது. தோளாலேயே தள்ளித் திறந்து, குளிரில் வெளிப்படியில் போய் நின்று, காலால் கதவைச் சாத்தினான்.

ஜூனி கண்ணாடிக் கதவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துப் பட்பட்டென்று அடித்தாள். வெளியே அவன் குந்தி உட்கார்ந்து, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் மூக்கைக் கண்ணாடிக்கு நேராகக் கொண்டுவந்தான். மீசை நனைந்திருந்தது. துடைக்கக்கூடக் கை எடுக்கவில்லை.

கிர்ஸ்டன் அப்படியே நின்று பார்த்தாள். பிறகு வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். ஜூனி கதறிய கதறலில் கிர்ஸ்டன் பேசியது வெர்னாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

"என்னடி?"

"அஞ்சும்மா. அஞ்சுக்கு இறங்கிடுச்சு, இன்னும் இறங்குமாம்." கண்ணைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டாள். "திங்கக்கிழமையிலேர்ந்து கொண்டாந்து விடறேன். அப்பாவை உள்ள வரச்சொல்லு, குளிர்ல நிக்கறார்."

வெர்னா கதவைத் திறந்தாள். ஆர்லன் யார் முகத்தையும் பார்க்காமல் நேரே தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்தான். முழங்கைவரை சோப்புப் போட்டான், கழுவினான். கை வெளுத்துவிட்டது. குழாயை மூடாமல் மறுபடி சோப்பை எடுத்தான்.