தண்ணீருக்குச் சாட்சி

ஞானையா வாத்தியாருக்கு மீன் கிறுக்குப் பிடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மதுரையிலிருந்து கொண்டுவந்த எட்டு ஜீப்ரா மீன்கள். சுண்டுவிரல் நீளம், உடம்பெல்லாம் நீலக்கோடு. ஒன்று திரும்பினால் எட்டும் திரும்பும். சண்டை சச்சரவே கிடையாது. ஆனால் போட்ட முட்டையை அவையே தின்றுவிடும். கடைசியில் தொட்டியின் அடியில் கோலிக்குண்டுகளைப் பரப்பினார். முட்டைகள் இடுக்கில் விழுந்து தப்பின. மூன்றாம் நாள் கண்ணாடியில் இமைமயிர் போல நூறு குஞ்சுகள் ஒட்டியிருந்தன. மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அது ஐப்பசி. மழைத்தண்ணீர் சாக்கடையோடு கலந்து ஓடியது. ஊரில் வாந்திபேதி என்று பேச்சு. வளவில் ஐந்து வீட்டுக்கும் ஒரே கிணறு; மீன்தொட்டிக்கும் அதே தண்ணீர்தான். நகராட்சி ஆள் செல்வமணி பிளீச்சிங் பவுடரோடு வந்தான்.

"இது பட்டா என் குஞ்சு பூராவும் செத்துரும்வே. ஒரு வாரம் கழிச்சுப் போடும்," என்றார் வாத்தியார்.

"மேல கேட்டா என்ன சார் சொல்ல?"

"போட்டாச்சுன்னு எழுதிக்கிடும். நான் கையெழுத்துப் போடுதேன்."

வாத்தியார் கையெழுத்துக்கு மேல் என்ன வேண்டும்? செல்வமணி போய்விட்டான். மருந்து போடுமுன் நாலு குடம் இறைத்து வைத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். படித்த மனிதருக்கு அந்தப் புத்தி வரவில்லை. அவர் வீட்டில் மனைவி சுந்தரபாய் காய்ச்சிய தண்ணீர்தான் கொடுப்பாள். அதனால் பயமும் வரவில்லை.

ஐந்தாம் நாள் அடுத்த வீட்டு மூக்காண்டியின் மனைவி அன்னக்கிளிக்கு வயிறு போக ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன அன்றே செத்துப்போனாள். இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியவில்லை.

மறுநாள் செல்வமணி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் மருந்தைக் கொட்டினான். இந்தத் தடவை வாத்தியார் நாலு குடம் முன்னாலேயே இறைத்து வைத்துக்கொண்டார். வெட்கக்கேடு.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மூக்காண்டி வந்தான்.

"சார், கெணத்துத் தண்ணிதான் அவளக் கொன்னுட்டுன்னு சொல்லுதாவ. எனக்கு வேற நெனப்பு. சிவகிரிலருந்து நான் கருவாடு வாங்கியாந்தேன். அவ மட்டுந்தான் தின்னா."

தொட்டியருகே குத்தவைத்தான். குஞ்சுகள் கூட்டமாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

"இதுவும் அந்தத் தண்ணிதான சார்? தண்ணில கோளாறு இருந்தா இந்தத் துளியூண்டு உசுரு பொழச்சிருக்குமா? நீங்க படிச்சவுக. ஒரு வார்த்த சொல்லுங்க. தண்ணியா, நான் கொண்டாந்த கருவாடா?"

சுந்தரபாய் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானையா அவள் பக்கம் திரும்பாமல் தொட்டியைப் பார்த்தார்.

"தண்ணி நல்ல தண்ணிதான் மூக்காண்டி," என்றார்.

"அப்ப நாந்தான் சார். நாந்தான் கொன்னுட்டேன்," என்று தலையில் அடித்துக்கொண்டே மூக்காண்டி படியிறங்கிப் போனான்.