பத்து நிமிஷ வாய்தா

"வாயில என்ன பூட்டா போட்டிருக்கு?" என்று கணக்கு டீச்சர் எல்லோர் முன்னாலும் கேட்டபோது அவளுக்கு வயது பதினான்கு. அடுத்த வாரத்திலிருந்து பள்ளிக்கே போகவில்லை.

இப்போது இருபத்திரண்டு. அப்பா எலக்ட்ரீஷியன். அவர் ஏணியில் ஏறி வைஃபை பெட்டியைச் சீலிங்கில் மாட்டுவார். கவிழ்த்த தட்டு மாதிரி இருப்பதால் அவருக்கு அது 'தட்டு'. அவள் வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பின் கருப்புத் திரையில் கட்டளைகளை அடித்து, இணையம் வழியாக அதற்குள் புகுந்து எல்லாவற்றையும் ஒழுங்கு செய்வாள். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் என்பதே அதில் பாதி சுகம்.

அன்று நூலகத்தில் முதல் தட்டு. அது ஒழுங்காக ஓடினால் மூன்று மாடி வேலையும் அவர்களுக்கு. இல்லையென்றால் அப்பாவுக்கு மறுபடி மின்விசிறி ரிப்பேர்தான்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதை மாற்றுவதற்கு முன்னும், 'பத்து நிமிடத்தில் நீயே அணைந்து எழுந்துகொள்' என்று தட்டுக்கு ஒரு கட்டளை வைப்பாள். மாற்றம் சரியாக வந்தால் அதை ரத்து செய்துவிட்டுச் சேமிப்பாள். சொதப்பினால், சேமிக்காததெல்லாம் மறந்து தட்டு பழைய நிலைக்கு வந்துவிடும்.

அன்று தட்டின் இணைய முகவரியை மாற்றும்போது ஒரு எண் தவறிவிட்டது. எண்டரைத் தட்டியதும் திரை உறைந்தது. வெளியே நின்றுகொண்டு உள்தாழ்ப்பாள் போட்ட கதைதான்.

போன் அடித்தது. "குட்டி, தட்டுல நீல விளக்கு சிவப்பாயிடுச்சே! லைப்ரரியன் அம்மா பக்கத்துலயே நிக்கிறாங்க. நீ ஒண்ணும் கவலைப்படாதே, பக்கத்துல சின்ன ஓட்டை இருக்குல்ல, ஊசியால ஒரு குத்து குத்திடறேன்!"

குத்தினால் சேமித்து வைத்ததும் சேர்ந்து எல்லாம் அழிந்துவிடும். அப்புறம் இங்கிருந்து எவ்வளவு கூப்பிட்டாலும் தட்டு திரும்பிப் பார்க்காது.

"அப்பா, தொடாதீங்க! கீழ இறங்குங்க!"

அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி அவர் கேட்டதில்லை. ஏணி கிறீச்சிட்டது. போன் கைமாறியது.

"ஏம்மா, எவ்வளவு நேரமாகும்?" நூலகரின் குரல்.

"ஏழு நிமிஷம், மேடம்."

"அவ்வளவு கறாரா சொல்றியே. எந்த காலேஜ்?"

போனை வைத்துவிடலாம். வைத்தால் அப்பா ஊசியோடு ஏறிவிடுவார்.

"காலேஜ் இல்ல மேடம். ஒன்பதாவதோட நின்னுட்டேன்." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "இப்ப ஒரு நம்பரைத் தப்பா அடிச்சிட்டேன். தப்பு பண்ணுவேன்னு தெரியும், அதனால முன்னாடியே பத்து நிமிஷ வாய்தா வெச்சிருக்கேன். அது தானா எழுந்துக்கும்."

"எழுந்துக்கலைன்னா?"

"நானே நேர்ல வரேன்."

"நேர்ல வரியா?"

"இவளா? வாசலுக்கே வரமாட்டா மேடம்!" என்றார் அப்பா தூரத்திலிருந்து.

"நீங்க சும்மா இருங்க. பொண்ணு பேசிட்டிருக்குல்ல."

நூலகர் அதற்கப்புறம் விடவில்லை. தட்டு ஏன் சூடாகிறது, மூலையில் உட்கார்ந்தால் ஏன் வேகம் குறைகிறது என்று கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. கடிகாரத்தைப் பார்க்கக்கூட மறந்துபோனாள்.

"நீலம்! நீலம் வந்துடுச்சு!" அப்பாவின் கூச்சல்.

"ஸ்ஸ்! படிக்கிறாங்க இங்க."

மறுபடி உள்ளே போனாள். மறுபடி வாய்தா வைத்தாள். எண்ணை மூன்று தடவை சரிபார்த்து அடித்தாள். விளக்கு நீலமாகவே இருந்தது. வாய்தாவை ரத்து செய்து சேமித்தாள்.

"மீதித் தட்டையும் நாளைக்கே மாட்டிடுங்க" என்று நூலகர் சொல்வது கேட்டது.

சாயங்காலம் அப்பா வந்தார். செருப்பைக் கழற்றும்போதே அன்றைய கதையை ஆரம்பிக்கிற மனிதர், நேராக அவள் அறைக்குள் வந்து மேஜையில் ஒரு தாளை வைத்தார். மூன்று மாடிகளின் வரைபடம். கீழே 'பொறுப்பாளர்' என்ற இடத்தில் தன் பெயரை அடித்துவிட்டு, கோணல் எழுத்தில் அவள் பெயரை எழுதியிருந்தார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் குனிந்து, வாசலுக்குப் போகும் வழியில் குறுக்கே கிடந்த லேப்டாப் வயரைச் சுவரோரமாக நகர்த்திவிட்டு வெளியே போனார்.