வாய் திறக்கக் கூடாத காடு

மகள் உயிரோடு இருந்தவரை மாமனார் அவனை "நீ, வா, போ" என்றுதான் பேசுவார். அவள் போன பிறகு "நீங்க, வாங்க, மாப்பிள்ளை" என்று மாறிவிட்டார். மரியாதையையும் கத்தி மாதிரி தீட்டி வைத்துக்கொள்ளலாம் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

அன்றைக்குப் பயண ஏற்பாட்டாளரின் அலுவலகத்துக்கும் அவர் மாடிப்படி ஏறியேதான் வந்தார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க.

"லிஃப்ட் இருக்கே மாமா?"

"மாப்பிள்ளை கை வச்ச லிஃப்ட்டா இருந்துட்டா?"

அவன் லிஃப்ட் மெக்கானிக். அவர் முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் கிளட்ச் மிதிக்கக் கற்றிருந்தார்கள்.

அவள் சாவதற்கு முன்னால் ஆப்பிரிக்கக் காட்டைப் பார்க்க மூன்று பேருக்கும் முன்பதிவு செய்திருந்தாள். பணம் திரும்பி வராது. வருஷம் முடிவதற்குள் போயாக வேண்டும். எந்தக் காடு என்பதை மட்டும் பிறகு சொல்வதாக விட்டிருந்தாள். அதைச் சொல்லத்தான் இருவரும் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு காட்டை மனதில் வைத்துக்கொண்டு, அதுவே அவள் கேட்ட காடு என்று சாதித்தார்கள்.

கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்த ஏற்பாட்டாளர் அம்மாள் படங்களை மேஜையில் பரப்பினாள். கென்யாவில் யானைக் கூட்டம், பின்னால் பனி மூடிய மலை. போட்ஸ்வானாவில் நாணலுக்கு நடுவே மெல்லிய தோணி.

மாமனார் யானைமேல் விரலை ஊன்றினார். "என் பொண்ணு இதைத்தான் கேட்டா. 'ஜீப்ல உக்காந்தபடியே பாக்கலாம்பா, டிரைவர் சரியா ஓட்டுறானான்னு நீ பாத்துக்கோ'ன்னா."

"என்கிட்ட தோணின்னு சொன்னா மாமா. நாளெல்லாம் மோட்டார் சத்தம் கேக்குற காதுக்கு அங்கதான் ஓய்வுன்னா."

"சொல்லியிருப்பா. உங்க மனசு நோகக் கூடாதுன்னு நிறைய சொல்லியிருக்கா. உங்க சமையல் நல்லா இருக்குன்னுகூட சொன்னாளாமே."

"நீங்க பாடினா கேக்க நல்லா இருக்குன்னும் சொல்லுவா."

ஏற்பாட்டாளர் அம்மாள் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள். மாமனாருக்கு முகம் கறுத்தது.

"நீச்சல் தெரியாதவ அவ. அவளைப் போய் தோணியில ஏத்தலாம்னு இருந்திருக்கீங்க. அந்த ஓட்டைக் கார்ல ஏத்தின மாதிரி."

அன்று அவள் ஓட்டிப்போன காரில் ஒரு குறையும் இல்லை. தூங்கிப்போன லாரிக்காரன் சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து மோதினான். கோர்ட்டும் அதையே சொன்னது. ஆனால் லாரிக்காரன் ஜெயிலில் இருந்தான். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவன் மாப்பிள்ளை ஒருவன்தான்.

அவனும் பல மாதங்கள் வாயில் வைத்து மென்றுகொண்டிருந்ததைத் துப்பினான். "அவளுக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்தது யாரு மாமா?"

மாமனார் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"வெளிய வாடா நீ."

அத்தனை மாதத்துக்குப் பிறகு அந்த "நீ". அவனும் எழுந்துவிட்டான்.

ஏற்பாட்டாளர் அம்மாள் உள்ளங்கையால் மேஜையை அறைந்தாள். "போதும்! அவங்க யானையும் கேக்கல, தோணியும் கேக்கல!"

"பின்ன என்ன கேட்டா?" இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே கேள்வி வந்தது. இருவருக்குமே அது பிடிக்கவில்லை.

அவள் கண்ணாடியை மாட்டினாள், கழற்றினாள். "ரெண்டு பேரும் அவங்க சொன்னதுன்னு ஆளுக்கு ஒண்ணைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க, அதை எப்படிப் பிடுங்கறதுன்னுதான் சும்மா இருந்தேன். சிரிச்சிக்கிட்டேதான் கேட்டாங்க. 'மேடம், எங்க அப்பாவும் எங்க வீட்டுக்காரரும் வாயே திறக்கக் கூடாத காடு ஏதாவது இருக்கா?'ன்னு."

இருவரும் வாயைத் திறக்கவில்லை.

"ஜாம்பியாவுல இருக்குன்னேன். நடந்தே போற காடு. துப்பாக்கியோட காவலர் முன்னால போவார். அவர் பின்னால ஒருத்தர் பின்னால ஒருத்தரா போகணும். பேசக் கூடாது. பேசினா மிருகம் ஓடிப்போயிடும், இல்லேன்னா நம்ம மேல ஓடி வரும். காலையில மட்டும்தானா, சாயங்காலமும் உண்டான்னு கேட்டாங்க. உண்டுன்னேன். சொர்க்கம்னாங்க, வீட்டுல கேட்டுட்டு உறுதி பண்றேன்னாங்க." அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "'நடுவுல நான் நடந்துக்கறேன்'னும் சொன்னாங்க."

விழுந்து கிடந்த நாற்காலியை அவன் நிமிர்த்தி வைத்தான். மாமனார் அதில் உட்காராமல் ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே யாரோ வண்டியை நிறுத்தத் தெரியாமல் முன்னும் பின்னும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக அதற்கு மாடியிலிருந்தே கத்தக்கூடியவர், பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"அதையே எழுதிக்கங்க" என்றார் திரும்பாமல்.

"மெதுவா நடக்கறவங்க காவலருக்கு அடுத்து வரணும் சார். முழங்கால்..."

"யாருக்கு முழங்கால்?"

"மாமா முன்னாடி போகட்டும்" என்றான் அவன்.

"ஏன், சிங்கம் முதல்ல என்னைத் தின்னட்டும்னா?"

"சிங்கத்துக்கும் ருசி தெரியும் மாமா. நீங்க பின்னாடி வந்தா, காடு பூரா எனக்கு 'பிரேக், பிரேக்'னு கத்துவீங்க. அதுக்குத்தான்."

"உங்களை மாதிரி ஆளைப் பின்னாடி விட்டு நடக்க எனக்கென்ன பைத்தியமா மாப்பிள்ளை?" என்றார். ஆனால் மாற்றி எழுதச் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது லிஃப்ட் கதவு திறந்தே இருந்தது. மாமனார் அதை ஏறிட்டும் பாராமல் படிக்கட்டுக்குப் போனார். கைப்பிடியைப் பற்றி, வலது காலை வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் இழுத்து, ஒவ்வொரு படியாக இறங்கினார்.

அவன் லிஃப்ட்டில் போயிருக்கலாம். போகவில்லை. பின்னால் இறங்கினான்.

திருப்பத்தில் அவர் நின்று, திட்டுவதற்காகத் திரும்பினார். அவன் விரலை உதட்டின் மேல் வைத்தான். அவர் அவனை எரித்துவிடுவது போல முறைத்தார். பிறகு பார்வை தாழ்ந்து, தனக்கும் அவனுக்கும் நடுவே அவன் காலியாக விட்டிருந்த ஒரு படியில் போய் நின்றது.

திறந்த வாயை மூடிக்கொண்டு, கைப்பிடியை மறுபடி பற்றி இறங்க ஆரம்பித்தார்.